புல்தைலம் மிதந்த தண்ணீர்

மூடியைத் திறந்த கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டு. முந்தின நாள் அதில் நான் ஊற்றி உறைய வைத்த கடற்பாசிக் கூழ், பின்னால் இருக்கும் விரல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. இப்போது கூழையே காணவில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை பழுப்பும் வெள்ளையுமாக ஒரு படலம் ஏறி, ஈரமாக மினுமினுத்தது. ஊசிப்போன சாதத்தின் வாடை முகத்தில் அடித்தது.

அந்த வாடைக்கு நடுவிலும் எலுமிச்சம்புல் மணத்தது. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

அந்தத் தட்டில் நான் தடவியிருந்தது சாக்கடைத் தண்ணீர் இல்லை. தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், பிள்ளைத்தாய்ச்சிகளைத் தொடுவதற்கு முன்னால் டாக்டரம்மா கை கழுவுகிற பேசின் தண்ணீர்.

வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. வாலைக் கொட்டகையின் தகரக் கூரையில் அது விழும் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. தட்டை மூடினேன். மறுபடி திறந்தேன். இன்னொரு தரம் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும் என்று எதற்காக நினைத்தேனோ தெரியவில்லை.

குற்றாலத்துக்கு வந்த வாலை

அது யுத்த காலம். குற்றாலத்தில் மலையடிவாரத்தை ஒட்டி என் வீட்டுக்காரர் செம்பு வாலை ஒன்று வைத்திருந்தார். வாலை என்றால் பெரிய அண்டா. அதில் புல்லை அமுக்கித் தண்ணீர் விட்டு மூடி அடியில் தீ மூட்டினால், ஆவி ஒரு வளைந்த குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து சொட்டும். சொட்டுகிற தண்ணீரின் மேல் தைலம் மிதக்கும். அதை அகப்பையால் வழித்து எடுக்க வேண்டும். எலுமிச்சம்புல்லில் இருந்து எடுப்பதைச் செங்கோட்டைப் பக்கத்து ஆட்கள் மலையாள வழக்கில் புல்தைலம் என்பார்கள். எங்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

நான் சென்னையில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்தபோது, “அவ்வளவு படிச்சிட்டு அடுப்புக்குப் பக்கத்துல உக்காரப் போறாளே” என்று பரிதாபப்பட்டவர்கள் உண்டு. அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அடுப்பின் மேல் இருந்தது வாலை என்பதால் எனக்கு வருத்தமில்லை.

தைலம் என்பது ஒரே பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு கூட்டம். ஒவ்வொரு தைலத்திலும் பல சரக்குகள் கலந்திருக்கும். ஆனால் ஒன்றுதான் தலைவனாக இருக்கும். புல்தைலத்தில் சிட்ரால். எலுமிச்சை மணம் அதனுடையது. கிராம்புத் தைலத்தில் யூஜினால். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்தால் சுரீரென்று இழுத்து மரத்துப்போகச் செய்வது அதுதான். ஓமத்தில் தைமால். ஓமத் தைலத்தைக் குளிர வைத்தால் அது கற்கண்டு மாதிரிப் படிந்து நிற்கும்.

குற்றால மலைத் தோட்டங்களில் கிராம்பும் ஜாதிக்காயும் உண்டு. உதிர்ந்த கிராம்பு இலைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து நான் வாலையில் போட்டுப் பார்த்திருக்கிறேன். புல்தைலம் தண்ணீரில் மிதக்கும், கிராம்புத் தைலம் மூழ்கும். முதல் தடவை அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், தைலமே வரவில்லை என்று நினைத்து அத்தனையையும் தோட்டத்துப் பாத்தியில் கொட்டிவிட்டார். அந்தப் பாத்தியில் கொஞ்ச நாளைக்குப் புல்கூட முளைக்கவில்லை.

மிதந்தாலும் மூழ்கினாலும் ஒன்று நிச்சயம். இரண்டும் தண்ணீரோடு சேராது.

டாக்டரம்மா

எஸ்தர் அம்மாள் பாளையங்கோட்டைக்காரர். உயரமான உருவம், கனத்த கண்ணாடி, பேச்சில் எப்போதும் ஓர் அவசரம். தென்காசியில் சொந்த முயற்சியில் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றை நடத்திவந்தார். அரை டஜன் கட்டில்கள், பிரசவ அறை, வேலைகளைப் பார்த்துக்கொள்ள மாடத்தி என்கிற ஆயா. கடையம், கடையநல்லூர், சிவகிரி என்று பல ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவர் கை பட்டால் தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்று பேர்.

யுத்தம் வந்ததும் சீமை மருந்துகள் நின்றுபோயின. கை கழுவுவதற்கு அவர் வைத்திருந்த கார்பாலிக் திராவகம் தீர்ந்தது. மதராசுக்கு எழுதினார். வரவில்லை. ஒருநாள் கையில் ஒரு வைத்தியப் பத்திரிகையோடு குற்றாலத்துக்கே வந்துவிட்டார்.

“கோமதி, புல்தைலம் கிருமியைக் கொல்லும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நெசமாவா?”

“பாத்துச் சொல்லுதேன் டாக்டரம்மா” என்றேன்.

பார்ப்பதற்குக் கிருமியை வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு கூழ் வேண்டும். அந்தக் கூழுக்கான சரக்கு ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது, அதுவும் நின்றுவிட்டது. கடையநல்லூரில் நோன்பு மாதத்தில் கடற்பாசியைக் காய்ச்சி இனிப்புச் செய்வார்கள். அதுவும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. ஒரு கடையில் பழைய கையிருப்பு கிடைத்தது.

கூழில் கிருமிக்குச் சாப்பாடாகக் கறிச்சாறு சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கறி புழங்குவதில்லை. மாடத்தி எலும்பைக் காய்ச்சி வடிகட்டித் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள். என் வீட்டுக்காரர் அதைத் தூரத்தில் நின்றே பார்த்தார்.

“கோமு, அது வீட்டுக்குள்ள வரப்படாது. கொட்டகையோட இருக்கட்டும்” என்றார்.

இட்லிக் கொப்பரையில் கூழை அவித்தேன். கல்லூரியை விட்டு வரும்போது வாங்கிவந்த மூடித் தட்டுகளில் ஊற்றினேன். டாக்டரம்மா ஒரு புண்ணிலிருந்து பஞ்சில் ஒற்றித் தந்ததைத் தடவி, நடுவில் புல்தைலம் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் தட்டெல்லாம் கிருமி முளைத்திருந்தது. சொட்டைச் சுற்றி மட்டும் பொட்டல். கழுவித் துடைத்த மாதிரி ஒரு வட்டம்.

டாக்டரம்மா தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். “கார்பாலிக்குக்கூட இவ்வளவு பெரிய வட்டம் வராது போலிருக்கே” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அன்றே ஒரு பாட்டில் தைலம் தென்காசிக்குப் போனது. பிறகு மாதாமாதம் போனது.

சொர்ணம்

சீசன் ஆரம்பித்துச் சாரல் பிடித்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் தொடங்கியது.

பிரசவம் நன்றாக நடக்கும். பிள்ளை அழும். தாய் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பாள். அடுத்து ஓரிரு நாளில் குளிர் நடுக்கும், காய்ச்சல் கொதிக்கும், அடிவயிறு கல்லாகும். முதலில் வந்த ஒருத்தி பிழைத்துக்கொண்டாள். அடுத்தவளும் இழுத்துப் பறித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மூன்றாவது ஆள் சொர்ணம்.

சொர்ணம் கடையத்துக்காரி. புருஷன் சுடலைமுத்து நெல் விவசாயம். தலைப்பிரசவம், ஆண் பிள்ளை. நான் தைலம் கொண்டுபோன அன்று அவளுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. கன்னம் சிவந்து, கண் பளபளவென்றிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இங்கன வாசம் நல்லாருக்குக்கா. எங்க வீட்டுல சாணி வாசந்தான்” என்றாள்.

நான் அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சுடலைமுத்து வாசல் வேப்பமரத்தடியில் பிள்ளையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழவில்லை. பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

டாக்டரம்மாவால் தாங்க முடியவில்லை. துணிகளை வேக வைக்கச் சொன்னார். தரையைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவச் சொன்னார். ஊரில் மருத்துவச்சிகள் தொட்டுவிட்டு அனுப்புவதால்தான் இப்படி ஆகிறது என்று சொன்னார். “என் கிட்ட குத்தம் இல்ல கோமதி. கையைக் கழுவாம நான் யாரையும் தொட்டதில்ல” என்றார். அது முழு உண்மை. ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அவர் அந்தப் பேசினில் கை நனைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. என் நாத்தனார் வடிவு. என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, தலைப்பிரசவத்துக்குத் தென்காசியில் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு நாள் நெருங்கியிருந்தது. அவள் போகவேண்டியதும் அதே ஆஸ்பத்திரிதான்.

பேசினில் பார்த்தது

சொர்ணத்தின் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கிளம்புவதற்கு முன் அந்தப் பேசினில் நானும் கை கழுவக் குனிந்தேன். நீல விளிம்பு போட்ட எனாமல் பேசின். தண்ணீர் மேல் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது, ரசத்தின் மேல் நெய் மிதப்பதைப் போல.

கையை விடாமல் நின்றேன்.

கார்பாலிக் தண்ணீரில் கரையும். அதை ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினால் பேசின் முழுவதும் மருந்தாகிவிடும். தைலம் கரையாது. கலக்குகிறபோது பொடிப்பொடியாகச் சிதறி நிற்கும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்து சேர்ந்துகொள்ளும். கீழே இருப்பது வெறும் தண்ணீர். வாசனை பிடித்த வெறும் தண்ணீர்.

மாடத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “இந்தத் தண்ணிய எப்ப மாத்துவ?”

“காலைல மாத்துவேன்மா. பெறகு கொறையக் கொறைய ஊத்திக்கிடுவேன்.”

“கொதிக்க வச்ச தண்ணியா?”

“மின்ன கொதிக்க வச்சுதான் ஊத்துவோம். இப்பம் சாரல்ல வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. தைலந்தான் இருக்கேன்னு டாக்டரம்மா பச்சத் தண்ணியே போதும்னுட்டாவ.”

“தைலம் எப்ப விடுவ?”

“வாசன கொறைஞ்சா ரெண்டு சொட்டு விடுவேன். வாசன இருக்க மட்டும் மருந்து இருக்குன்னுல்லா சொல்லியிருக்காவ.”

வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் என்ன பேசுவது. ஒரு கண்ணாடிக் குழாயின் மேல்வாயைக் கட்டை விரலால் அடைத்துப் பேசினின் அடிவரைக்கும் இறக்கி, விரலை எடுத்தேன். அடித்தண்ணீர் குழாயில் ஏறியது. மேல்வாயை மறுபடி அடைத்துக் குழாயைத் தூக்கி, அதைச் சீசாவில் விட்டு எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு வந்தேன்.

அன்று மூன்று தட்டுகள் போட்டேன். ஒன்றில் அந்தத் தண்ணீர் மட்டும். இரண்டாவதில் அந்தத் தண்ணீரைத் தடவி நடுவில் புல்தைலம் ஒரு சொட்டு. மூன்றாவதற்காகச் சோப்புக்குப் போடுகிற காரமும் தேங்காயெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழைசோப்பில், சாராயமும் தைலமும் விட்டு நன்றாகக் குழைத்தேன். சோப்பு இருந்தால் தைலம் பிரிந்து மேலே போகாது, பால் மாதிரி தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கும். அந்தப் பாலில் பேசின் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஊற வைத்துவிட்டுத் தடவினேன்.

ஆரம்பத்தில் சொன்னது அதில் முதல் தட்டு.

இரண்டாவதைத் திறந்தேன். ஓரமெல்லாம் படலம், நடுவில் சுத்தமான வட்டம். தைலம் தன் வேலையைச் செய்திருந்தது. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள். மற்றபடி கூழ் தெளிவாகக் கிடந்தது.

தைலத்திலும் பிசகில்லை, பத்திரிகையில் எழுதியவர் சொன்னதிலும் பிசகில்லை. அந்த அம்மாள் கையைக் கழுவாமலும் இல்லை. கிருமி ஊறிய தண்ணீரில் பக்தியோடு கையை முக்கி எடுத்து, அந்தக் கையால் தாய்மார்களைத் தொட்டிருக்கிறார். வாலைக்கு வைத்திருந்த புல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். தென்காசிக்கு அதிகாலையில் போனவர். நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

“கோமு, வடிவுக்கு வலி கண்டுட்டு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. அம்மா உன்னையக் கூட்டிட்டு வரச் சொன்னா.”

சைக்கிள்

நான் தட்டுகளைக் காட்டினேன். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கி, பிறகு மெதுவாகக் கரைந்தது.

“டாக்டரம்மா இந்நேரம் தொட்டிருப்பாவளா?”

“தெரியல.”

பஸ் வருமா என்று பார்க்க முடியாது. அந்த நாளில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். “பின்னால ஏறு” என்றார்.

தட்டுகளையும் சோப்புக் கரைசலையும் ஒரு தகர டப்பாவில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். ஒரு பெண்பிள்ளை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து வழியில் ஆட்கள் நின்றார்கள். யாரோ என்னவோ சொன்னார்கள். சாரல் கண்ணில் அடித்தது. அவருக்கு மூச்சிரைப்பது என் தோளுக்குத் தெரிந்தது. மேலகரம் தாண்டும்போது, “பயப்படாத” என்றார். அவர் குரல்தான் பயந்திருந்தது.

பிரசவ அறை வாசல்

உள்ளே நுழைந்தபோது வடிவு முனகிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ரவிக்கைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பேசினை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார். எலுமிச்சம்புல் மணம் அறை முழுவதும் கமகமவென்றிருந்தது.

“டாக்டரம்மா, அதுல கைய விடாதீங்க” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். வீட்டு மனுஷர்கள் பிரசவ அறைக்குள் வந்து உத்தரவு போடுவது அவருக்குப் புதிதில்லை. “வெளிய இரும்மா. நேரமாகுது” என்றார்.

“இவளத் தொட்டாச்சா?”

“இன்னும் இல்ல. ஏன்?”

நான் டப்பாவைத் திறந்து முதல் தட்டை எடுத்து ஜன்னலடியில் வைத்தேன். “இது இந்தப் பேசினோட தண்ணி. அடியில இருந்து எடுத்தேன்.”

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் உதடு வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

“தைலம் விட்டிருக்கே” என்றார், என்னிடமில்லை, தனக்குள்.

“தைலம் மேல மிதக்குது டாக்டரம்மா. கை போறது அதுக்குக் கீழ.”

அவர் பேசினைத் திரும்பிப் பார்த்தார். அதே வட்டங்கள். தினமும் பார்த்தவைதாம். இரண்டு கைகளையும் தன் முன்னால் தூக்கிப் பிடித்தார், வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல.

“ஏன் மதினி, என்ன ஆச்சு? நீங்க ஏன் இப்படித் தொப்பலா நனைஞ்சு நிக்கிய?” என்று வடிவு கட்டிலிலிருந்து கேட்டாள்.

“ஒண்ணுமில்லட்டி. மழ” என்றேன்.

டாக்டரம்மா ஒரு மூச்சு இழுத்துவிட்டார். அவ்வளவுதான். அடுத்த கணம் பழைய அவசரம் திரும்பிவிட்டது. “மாடத்தி, இதைக் கொண்டுபோய்க் கொட்டு. பேசினைத் தீயில வாட்டு. நனைஞ்ச வெறகுன்னாலும் பரவாயில்ல, மண்ணெண்ணெய ஊத்தி எரி. எனக்குக் கொதிச்ச தண்ணி வேணும்.” என்னிடம் திரும்பினார். “என்ன கொண்டாந்திருக்க? சொல்லு.”

மற்றத் தட்டுகளைக் காட்டினேன். சோப்புக் கரைசலை நீட்டினேன். கொதித்து ஆறிய தண்ணீரை மாடத்தி ஊற்ற ஊற்ற, அவர் முழங்கைவரை நுரை பொங்கத் தேய்த்தார். நகக்கண் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தார். “வலி தாங்கல டாக்டரம்மா” என்று வடிவு அழுதபோதும் நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்கு முன் வடிவுக்குப் பெண் பிறந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள்தாம் கொடுமை. மணிக்கொரு தரம் அவள் நெற்றியில் கை வைப்பேன். என் கையே பதற்றத்தில் சுட்டதால், அவள் சுடுகிறாளா நான் சுடுகிறேனா என்று தெரியாது. டாக்டரம்மா வீட்டுக்கே போகவில்லை. காய்ச்சல் வரவில்லை. வடிவு பத்தியம் தாண்டி ரசஞ்சாதம் கேட்டுச் சண்டை போட ஆரம்பித்ததும் என் மாமியார் சிரித்தார், நான் பின்கட்டில் போய் அழுதேன்.

பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். கிருமியின் உடம்பைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய தோல் ஒன்று இருக்கிறதாம். தைலம் அந்தக் கொழுப்பில்தான் கரைந்து உள்ளே நுழைகிறது, தோலை ஓட்டையாக்குகிறது, உள்ளே இருப்பது ஒழுகிக் கிருமி சாகிறது. தண்ணீரோடு சேராத அதே குணம்தான் அதன் ஆயுதம். அந்தக் குணத்தாலேயே பேசினில் அது மேலே போய் ஒதுங்கியும் நின்றது.

கடையத்துக்குப் போனது

வடிவு வீட்டுக்குப் போன பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“சொர்ணத்தைக் கொன்னது என் கைதானா, கோமதி?”

“அந்தத் தட்டு அதைச் சொல்லாது டாக்டரம்மா. எந்தக் கிருமி, எங்க இருந்து வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது.”

“தட்டு சொல்லாது. எனக்குத் தெரியுது” என்றார். “நான் கடையம் போறேன். நீயும் வா. தண்ணி, தைலம்னு அவங்க கேட்டா எனக்கு விளக்கமாச் சொல்ல வராது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டாக்டர், இறந்துபோன பெண்ணின் வீட்டுக்குப் போய் இப்படிச் சொல்வதை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊர் என்ன செய்யும், அவர்கள் அடித்தால் என்ன செய்வது, ஆஸ்பத்திரியை மூடவேண்டி வருமே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சுடலைமுத்து வீட்டு முன்னாலிருந்த களத்தில் இருந்தான். பிள்ளை ஒரு பழைய சேலைத் தொட்டிலில் தூங்கியது. எங்களைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். தண்ணீர் கொடுத்தான். டாக்டரம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கை கழுவின தண்ணீரில் மருந்து கலக்கவில்லை, அந்தக் கையால்தான் உன் பெண்டாட்டியைத் தொட்டேன், காய்ச்சல் அதனால் வந்திருக்கும் என்று நினைக்கிறேன் என்றார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்லா?” என்றான்.

“தெரிஞ்சிருக்காது.”

“பெறகு எதுக்கும்மா வந்து சொல்லுதிய?”

“உங்க வீட்டுல நடந்தது. அது எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கக் கூடாது” என்றார் டாக்டரம்மா.

சுடலைமுத்து தொட்டிலில் இருந்து பிள்ளையை எடுத்தான். இப்போது பிடிக்கத் தெரிந்திருந்தது. தலையைத் தாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். கதவு திறக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா மடியில் கைகளை மல்லாத்தி வைத்திருந்தார்.

ஊர் பேசத்தான் செய்தது. கடையம் பக்கத்திலிருந்து வண்டிகள் வருவது நின்றது. பிறகு மற்ற ஊர்களிலிருந்தும் குறைந்தது. கட்டில்கள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன. அவர் கொதிக்க வைத்த தண்ணீரும் சோப்புக் கரைசலுமாக, வந்தவர்களுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் திரும்பவில்லை. அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை.

அடுத்த அறுவடை சமயம். நான் கரைசல் கொடுக்கப் போயிருந்த ஒரு பகல் பொழுது. வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சுடலைமுத்து இறங்கினான். வண்டிக்குள் நிறைமாதமாக ஒரு சின்னப் பெண் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

“தம்பி பொண்டாட்டி” என்றான்.

டாக்டரம்மா வாசலில் சிலை மாதிரி நின்றார். அந்தப் பெண்ணைத் தாங்கி உள்ளே கொண்டுபோனோம். சுடலைமுத்துவும் பின்னாலேயே வந்து பிரசவ அறை வாசலில் நின்றான்.

“ஆம்பளயள்லாம் இங்கன நிக்கப்படாது” என்றாள் மாடத்தி.

“நான் பாக்கணும்” என்றான்.

“நிக்கட்டும் மாடத்தி” என்றார் டாக்டரம்மா.

பெண்ணை மறைத்துத் திரையை இழுத்துவிட்டு, அவர் அவனுக்கு நேராக வந்து நின்றுகொண்டார். மாடத்தி ஆவி பறக்கிற சட்டியைத் தூக்கி வந்தாள். பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றி ஊற்றினாள். நுரை முழங்கைவரை ஏறியது. டாக்டரம்மா அவசரப்படவில்லை. விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு. தண்ணீர் விட்டுக் கழுவி, முதலிலிருந்து மறுபடி. அவன் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

முடித்ததும் அவர் ஈரம் சொட்டும் இரண்டு கைகளையும் அவன் முன்னால் தூக்கிக் காட்டினார்.

சுடலைமுத்து அந்தக் கைகளைப் பார்த்தான். “சரி, போங்கம்மா” என்றான். பிறகு வெளியே போய், கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்துகொண்டான்.